ராமேஸ்வரத்தில் சர்ஃபிங்: எந்த மாதம் என்று கேட்கும் முன் எந்தக் கடல் என்று பாருங்கள்

சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் ஓரளவு பழகியிருக்கிறீர்கள், ஒன்பதடி ஃபோம் போர்டு சொந்தமாக இருக்கிறது, ஜூன் மூன்றாவது வாரம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறீர்கள். போர்டைக் காரின் மேல் கட்டி எடுத்துப் போகலாமா, எந்தக் கரையில் இறங்கலாம், பாம்பனுக்குப் பக்கத்துக் குருசடைத் தீவுக்கு வெளியே பாறை மேல் நல்ல அலை மடங்குவதாக நண்பர் சொன்னாரே, அங்கே படகில் போக முடியுமா? இதுதான் கேள்வி. ஜூனில் அந்தக் கடலில் அலை நிச்சயம் இருக்கும். அது போர்டில் ஏறி நிற்கத் தோதான அலையா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜூனுக்குப் போர்டு வேண்டாம், வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். நான் கடலியல் படித்தவன். மண்டபம், கீழக்கரைப் பக்கம் அலையும் நீரோட்டமும் அளக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். போர்டில் நிற்கத் தெரியும், ஆனால் பெரிய சர்ஃபர் எல்லாம் இல்லை.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு கடல் இல்லை, இரண்டு. பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணையை ஒட்டிய விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு அது வடகடல், இது தென்கடல். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் ஆடி மாதம் நின்று பார்த்தால் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தெற்கே கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை நுரை, காற்றில் சட்டை படபடவென்று அடிக்கும். அப்படியே திரும்பிச் சாலையைக் கடந்து வடக்கே பார்த்தால் பச்சையாக, சலனமே இல்லாமல் தண்ணீர் கிடக்கும். அதே இடத்தில் மார்கழியில் நின்றால் இரண்டும் இடம் மாறியிருக்கும். மண்டபத்திலும் பாம்பனிலும் வடகடலில் ஒரு இறங்குதளம், தென்கடலில் ஒரு இறங்குதளம் இருப்பதும், பருவம் பார்த்துப் படகுகளை மாற்றிக் கட்டுவதும் இதனால்தான். நாட்காட்டியைவிட, படகு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்பது நம்பகமான தகவல்.

இந்தப் பருவக் கணக்கில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ தென்மேற்குக் காற்று பிடிக்கும். கச்சான் என்று மீனவர்கள் சொல்வது இந்தக் காற்றுதான். செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிப்பாகவே இருக்கும், வடகடல் அமைதி. அக்டோபர் நடுவிலிருந்து வாடை தொடங்கும், ஜனவரி வரை வடகடல் முறை, தென்கடல் அடங்கிவிடும். இடையில் இரண்டு இடைவெளிகள்: பிப்ரவரி கடைசி முதல் மே முதல் பாதி வரை ஒன்று, செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை சின்னதாக இன்னொன்று. அந்த நாட்களில் இரண்டு பக்கமும் காற்று தணிந்திருக்கும். சர்ஃபிங்கைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் இந்த இடைவெளிகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஏனென்றால் அலையில் இரண்டு வகை. பக்கத்திலேயே வீசும் காற்று கிளப்பும் அலை ஒன்று. எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் கிளப்பி, பல நாள் பயணம் செய்து வந்து சேரும் நீண்ட அலை இன்னொன்று. சர்ஃபர்கள் ஸ்வெல் என்பது இந்த இரண்டாவது வகையை. ஓர் அலை முகடுக்கும் அடுத்த முகடுக்கும் இடையே எத்தனை நொடி என்பதுதான் வித்தியாசத்தைக் காட்டும். ஐந்து நொடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 39 மீட்டர். 14 நொடி அலைக்கு 300 மீட்டருக்கு மேல். நீளத்தில் பாதி அளவுக்கு ஆழம் குறையும்போது அலைக்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கும். எனவே 14 நொடி அலை 150 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர்ந்து, வேகம் குறைந்து, கரை நெருங்க நெருங்க உயர்ந்து, வரிசையாக மடங்கும். இரண்டு அலைக்கு நடுவே போர்டில் படுத்துக் கையால் துழாவி வெளியே போக உங்களுக்கு நேரமும் கிடைக்கும். ஐந்து நொடி அலையில் அது நடக்காது. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறி வரும், திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று அலை தலையில் விழும்.

கோவளம் வங்காள விரிகுடாவைப் பார்த்துத் திறந்திருக்கிறது, அதனால் அங்கே ஸ்வெல் வந்து சேர்வதில் பெரிய தடை இல்லை. ராமநாதபுரத்துக்குக் கிழக்கே இலங்கை நிற்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வருவதை அது மறைத்துவிடுகிறது. வடக்கே பாக் நீரிணை வழியாக நுழைய முடியுமே என்றால், அங்கே ஆழமே இல்லை. வடகடலின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். நீண்ட அலை நுழைவாயிலிலேயே திட்டுகளில் உரசித் தேய்ந்துவிடும். தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கற்கள் கடலுக்குள்ளேயே நிற்கின்றன, பக்தர்கள் இடுப்பளவு தண்ணீரில் அவற்றைச் சுற்றி வருகிறார்கள். சர்ஃப் அடிக்கிற கடலில் அப்படி ஒரு வழிபாடு அமைந்திருக்காது. வாடைக் காலத்தில் வடகடலில் வருவதெல்லாம் நான்கைந்து நொடிக் குட்டை அலைகள், கலங்கிய தண்ணீர். தொண்டி முதல் உச்சிப்புளிப் பக்கம் வரை சர்ஃபிங்குக்கு என்று தனியாகப் போக ஒரு கரையும் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

மிச்சம் இருப்பது தென்கடல். அதற்குத் திறப்பு தெற்கும் தென்மேற்கும்தான், கன்னியாகுமரிக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் நடுவே. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பும் ஸ்வெல் அந்த வழியாக உள்ளே வரும். ஆனால் கரைக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் வரிசையாகக் கிடக்கின்றன. அலையின் பலம் பெரும்பாலும் அங்கேயே செலவாகிவிடும். மண்டபம் தென்கரை, சேதுக்கரை, ஏர்வாடி, கீழக்கரை எல்லாம் இந்த மறைப்பில்தான் இருக்கின்றன. தீவுக் கூட்டங்களுக்கு நடுவே இடைவெளி உள்ள இடங்கள் வாலிநோக்கம், மூக்கையூர், மாரியூர்ப் பக்கம். அங்கே கொஞ்சம் அதிகமாக அலை உள்ளே வரும் என்பது வரைபடத்தையும் திசையையும் வைத்து நான் சொல்லும் கணிப்பு. ஓர் ஆரம்பநிலை ஆளை நம்பி அனுப்பும் அளவுக்கு அது உறுதியான தகவல் அல்ல.

தீவு வரிசை பாம்பனுக்குப் பக்கத்தில் சிங்கில் தீவோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கிழக்கே, முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை நீளும் தனுஷ்கோடி மணல் நாக்கின் தென்பக்கத்துக்கு முன்னால் மறைப்பு எதுவும் இல்லை. மாவட்டத்திலேயே நேராகத் திறந்த கரை அதுதான். உங்கள் நண்பர்கள் யாராவது ராமேஸ்வரத்தில் சர்ஃப் அடித்ததாகப் படம் காட்டினால் அனேகமாக அது அங்கேதான் எடுத்திருப்பார்கள். ஆனால் ஜூனில் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். கரை தென்மேற்கைப் பார்க்கிறது, காற்றும் தென்மேற்கிலிருந்து வருகிறது. கடலிலிருந்து நேரே முகத்தில் அறையும் காற்று. அது அலையின் முகட்டை முன்கூட்டியே கிழித்துவிடும், மடங்குவதற்கு ஒழுங்கான முகமே அமையாது. கூடவே கரை பல இடங்களில் செங்குத்தாக இறங்குவதால், அலை தூரத்தில் உடைந்து நுரையாக உருண்டு வராமல் கரையை ஒட்டிய கடைசி சில மீட்டரில் நிமிர்ந்து, மணலைக் கலக்கிக்கொண்டு, துணி துவைக்கிற மாதிரி அடித்துப் போடும். கோவளத்தில் முழங்கால் ஆழத்தில் நின்று நுரை அலையில் பழகிய ஒருவருக்கு அது வேறு உலகம். கழுத்தும் தோளும் அடிபடுவது இந்த மாதிரிக் கரைகளில்தான்.

இது போக, அரிச்சல்முனையில் இரண்டு கடலின் தண்ணீரும் சேதுவின் திட்டுகளுக்கு இடையே இடம் மாறுகிறது. ஓட்டம் பலமாக இருக்கும், திசையும் மாறும், மணல் திட்டும் நிலையாக ஒரே இடத்தில் இருக்காது. குளிக்கத் தடை என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. போர்டு இருந்தால் மிதந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மிதப்பீர்கள், ஆனால் எங்கே போய்ச் சேர்வீர்கள் என்பதுதான் கேள்வி. தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டர் அளவுதான், நடுவில் சர்வதேச எல்லைக் கோடு.

அப்படியானால் அந்தக் கரையில் எப்போதாவது நன்றாக இருக்குமா? இருக்கும் என்று நினைக்கிறேன், நிபந்தனைகளோடு. ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் தென் அரைக்கோளத்தில் குளிர்காலப் புயல்கள் சூடு பிடிக்கத் தொடங்கும், இங்கே கச்சான் இன்னும் பிடித்திருக்காது. விடியற்காலையில் காற்று ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் தெற்கிலிருந்து நீண்ட அலை வந்தால் தனுஷ்கோடியின் தென்கரையில் சுத்தமான, வரிசையான அலை மடங்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும்பியதும் அது கெட்டுவிடும். ஆக, உங்களுக்குக் கிடைப்பது ஆண்டில் சில வாரங்கள், அந்த வாரங்களில் சில நாட்கள், அந்த நாட்களில் காலை இரண்டு மூன்று மணி நேரம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், ஆனால் அலை பெரும்பாலான நாட்களில் கணுக்கால் உயரம்தான். படம் எடுக்க அழகு.

சரி, அந்தச் சில நாட்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடற்கரைக்குக் கடற்கரை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் மொத்த அலை உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்வெல்லின் உயரம், நொடி, திசை என்று தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். ‘அலை 2 மீட்டர், 6 நொடி’ என்றால் காற்று அலை, சர்ஃபிங்குக்குக் குப்பை. ‘ஸ்வெல் 0.8 மீட்டர், 14 நொடி, தெற்கு’ என்று இருந்து காற்றும் மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் அலாரம் வைத்துக்கொள்ளலாம். இந்த முன்னறிவிப்பு திறந்த கடலுக்குச் சரியாகவே இருக்கும். தீவுகளுக்கும் பாறைகளுக்கும் உட்பக்கம், ஒரு குறிப்பிட்ட கரையில் அலை எவ்வளவு என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. சர்ஃபிங் செயலிகள் காட்டும் நட்சத்திரங்களுக்கும் இதே குறைதான். கீழக்கரைக்கு நான்கு நட்சத்திரம் காட்டினாலும் நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் நல்லது என்று சொன்ன அதே நீண்ட அலைதான் கள்ளக்கடலாகவும் வரும். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போது கடல் ஏறி அடிக்கும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுபட்டு இறந்தது அப்படி ஒரு நாளில். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஸ்வெல் நொடி 16, 18 என்று ஏறி, கடலோரத்துக்குச் சிவப்பு அல்லது ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் அன்று கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்டோபருக்குப் பிறகு என்றால் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தியில் பாருங்கள்.

இப்போது உங்கள் ஜூன் பயணம். குடும்பத்தோடு குளிக்க வடகடல் பக்கம் போங்கள். அரியமான் இருக்கிறது, சவுக்குத் தோப்பு நிழல், ஆழமில்லாத தண்ணீர். பிரப்பன்வலசையும் அதே வரிசைதான். அக்னி தீர்த்தத்தில் எப்படியும் இறங்குவீர்கள். ஆனால் இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை, நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். ஜூனில் வடகரையில் தண்ணீர் அமைதியாக இருப்பதற்குக் காரணமே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவது. கரையில் மரங்களின் மறைவில் அது தெரியாது. ஐம்பது, நூறு மீட்டர் உள்ளே போனதும் முதுகில் பிடித்துத் தள்ளும். காற்றடைத்த மிதவை, நீச்சல் வளையம், நின்று துடுப்புப் போடும் பலகை எதுவாக இருந்தாலும் வெளியே போவது சுகமாக இருக்கும், திரும்ப முடியாது. குழந்தைகளை மிதவையில் விடுவதாக இருந்தால் கயிற்றால் கட்டி, கயிற்றின் இன்னொரு முனையை இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெரியவர் கையில் கொடுங்கள். உங்கள் ஃபோம் போர்டைக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஜூனில் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். டிசம்பரில் தென்கரைக்கும் இதே கணக்கு, திசை மட்டும் எதிர்.

உங்களுக்கே உங்களுக்காக ஏதாவது வேண்டும் என்றால் கைட் சர்ஃபிங் பழகுங்கள், பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று போவது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனைக்கும் இலங்கைக்கும் நடுவே நெருக்கப்பட்டு வரும் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடாமல் வீசும். ராமேஸ்வரம் தீவில் முறையாகக் கற்றுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டுக்குள் தேங்கிய ஆழமற்ற தண்ணீரில் பழக்குவார்கள். சர்ஃபிங்கில் கால் சமநிலை வந்தவருக்குப் பலகை சீக்கிரம் வசப்படும், பட்டத்தைக் கையாள்வதுதான் நேரம் எடுக்கும். மூன்று நாளாவது ஒதுக்குங்கள். யூடியூப் பார்த்துத் தனியாக முயற்சி செய்யாதீர்கள். அந்தக் காற்றில் பட்டம் ஆளைத் தூக்கிச் சாலையில் வீசிவிடும்.

அலையேதான் வேண்டும் என்றால் பயணத்தை இரண்டாகப் பிரித்து, திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் ஒரு இரவு தங்குங்கள். அங்கே நிலம் முனையாகக் கடலுக்குள் நீண்டு, ஸ்வெல் அதைச் சுற்றி மடங்குகிறது. தமிழ்நாட்டுத் தென்கரையில் சர்ஃபிங் ஊர் என்று பெயர் எடுத்தது அதுதான். காற்று அங்கேயும் ஜூனில் பலம், விடிகாலையில் இறங்கி எட்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும். அலை பெரியதாக இருக்கும் நாளில் முனைக்குப் போகாமல் உள்வளைவிலேயே இருங்கள்.

தண்ணீருக்குள் இருப்பவை பற்றிச் சுருக்கமாக. சில வாரங்களில் சொறி மீன் (ஜெல்லி மீன்) கூட்டமாக வரும். பட்டால் மணலைத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் நீரால் கழுவி, ஒட்டியிருப்பதை எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிதான். ஆழமில்லாத மணலில் திருக்கை புதைந்து கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் உரசிக்கொண்டே நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். பாறைப் பக்கம் வெறுங்காலோடு போகவே கூடாது. பாசி எடுக்கும் பெண்களைக் கவனித்திருந்தால் தெரியும், சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, காலில் செருப்பு, விரல்களில் துணி சுற்றி இறங்குவார்கள். அவர்களே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம். ஆபத்து என்றால் தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554. உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பி எந்தக் கரையிலும் இறங்காதீர்கள்.

கடைசியாகக் குருசடை. நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை. தீவுகளின் வெளிப்பக்கம் பாறை விளிம்பில் ஸ்வெல் உடைவது தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் அந்த 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, பவளத்தின் மேல் இறங்குவதும் மிதிப்பதும் குற்றம். பிடிபட்டால் உங்களுக்கு அபராதம், அழைத்துப் போன மீனவருக்குப் படகே போய்விடும். காசு கொடுக்கிறேன் என்றால் யாராவது ஒருவர் சம்மதிக்கக்கூடும், அதனால்தான் கேட்கவே கேட்காதீர்கள் என்கிறேன். சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், உங்களுக்கு இடுப்பளவு தண்ணீர்கூட இல்லாமல் கூரான பாறை மேல் உடையும் அலை அது. பழுத்த சர்ஃபர்களே வழி தெரிந்தவர் இல்லாமல் இறங்க மாட்டார்கள். விடுமுறையை ஏப்ரல் கடைசிக்கோ மே முதல் வாரத்துக்கோ மாற்ற முடியும் என்றால் தேதியை எழுதுங்கள், நான்கைந்து நாள் முன்பாக முன்னறிவிப்பைப் பார்த்து, போர்டைக் கட்டலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.